பெயரிடல் சோதனை, தொண்டி

எலிக்குப் பக்கவாதம் வரவழைக்க
எங்கள் ஆய்வகத்தில் ஒரு நைலான் இழை உண்டு.
கழுத்து நாளத்தில் நுழைத்து
பதினெட்டு மில்லிமீட்டர் மேலே தள்ளினால்
மூளையில் ஒரு பக்கம் அணைந்துவிடும்.
தொண்டிக் கரையில் அதே இழைக்குத்
தங்கூசி என்று பெயர்.
கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள்.
முதல் நாள் வலைக் குவியலைத் தாண்டும்போது
எனக்குக் கால் கூசியது.

சீனி உதுமானுக்கு இழை எதுவும் தேவைப்படவில்லை.
பஜ்ருக்குப் பிறகு, ஏலத்தின் நடுவே,
வாய் ஒரு பக்கமாக இழுத்தது.
பித்தம் என்றார் ஒருவர்.
சோடா உடைத்துக் கொடுத்தார் இன்னொருவர்.
ராமநாதபுரத்தில் ஸ்கேன்,
மதுரைக்கு ஒரு சீட்டு,
வழியில் பழுதான ஆம்புலன்ஸ்.
கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு
நாலரை மணி நேரம் கெடு.
அவர் போய்ச் சேர்ந்தபோது ஆறு கடந்திருந்தது.
அந்த ஒன்றரை மணி நேரம் பற்றி
என் கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது.
சாலை அதில் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் மீன் ஏலம் கூவிய நாக்கு.
இப்போது எண்கள் மட்டும் வரும்.
மனைவியைக் கூப்பிடக்
கட்டில் சட்டத்தைத் தட்டுவார்.
நண்டுப் படத்தை நீட்டினேன்.
'நானூத்தி இருவது.'
சீப்பு.
'பதினஞ்சு.'
பசுமாடு.
கொஞ்சம் யோசித்து, 'முப்பத்திரெண்டாயிரம்.'
செய்னம்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தானாக வரும் பேச்சு என்கிறது பாடப்புத்தகம்.
சொற்கள் போன பிறகும்
கிழமைகள், வசவுகள், ஓதிய வரிகள், எண்கள்
சிலருக்குத் தங்கிவிடும். அர்த்தம் தேட வேண்டாம்.
ஐம்பது படத்துக்கும் பூஜ்யம் போட்டேன்.

மறுவாரம் அதே நண்டு முன்னூத்தி எண்பது.
அதற்கு அடுத்த வாரம் ஐநூறு.
'விடையில் நிலைத்தன்மை இல்லை'
என்று ஓரத்தில் குறித்துக் கையெழுத்திட்டேன்.

விடுதி அறையில், மின்வெட்டில்,
ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன்.
அவர் குரலுக்குப் பின்னால்
ஜன்னல் வழியாக, மங்கலாக,
வேறொருவன் கூவிக்கொண்டிருக்கிறான்.

விடிந்ததும் இறங்குதளத்துக்குப் போனேன்.
கணக்கு எழுதும் பையனிடம்
மூன்று தேதிகள் சொன்னேன்.
செதில் ஒட்டிய நோட்டைப் புரட்டினான்.
நண்டு, நானூத்தி இருவது.
நண்டு, முன்னூத்தி எண்பது.
மூன்றாவதை அவன் வாசிக்குமுன் நான் சொன்னேன்.
எந்தக் கம்பெனி ஆள் நீங்க என்று கேட்டான்.

படுத்த இடத்திலிருந்து ஒரு மனிதர்
தினமும் சந்தையைக் கேட்டிருக்கிறார்,
நினைவில் வைத்திருக்கிறார்,
படத்தைப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்.
நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

செத்த திசுவின் ஓரத்தில்
நரம்பிழைகள் புதிதாகக் கிளைப்பதைப்
பச்சைச் சாயத்தில் பார்த்தவள் நான்.
எலியில், பதினான்காம் நாள்.
எந்தப் பக்கம் போவது என்று
அவற்றுக்கு எது சொல்கிறது என்பது
என் ஆய்வின் ஐந்தாவது கேள்வி.
ஐந்து வருஷமாக ஐந்தாவது கேள்வி.

ஒரே ஒரு நோயாளி சான்று ஆகாது.
தெரியும்.
மதிப்பெண் தாளில்
அன்றைய விலை என்று புதிதாக ஒரு பத்தி கிழித்தேன்.
சீப்பு சரிதான், கடையில் விசாரித்தேன்.
மாட்டை யாரிடம் விசாரிப்பது?

கடைசிப் படம் குடை.
மூன்று வாரமும் மாறாத ஒரே விடை அது.
'ஏழு.'
எந்தக் கடையில் ஏழு ரூபாய்க்குக் குடை?
நான் நிமிர்ந்தபோது
செய்னம்பு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவரும் பார்த்தார்.
பிறகு செய்னம்பு தேநீர் கிளாஸை எடுத்துக்கொண்டு,
நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை,
உள்ளே போய்விட்டார்.
பாத்திரம் கழுவும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

அந்தக் கட்டத்தில்
பூஜ்யமும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை.